பூட்டும் சாவியும்

கேள்வி: என் பாவங்களையெல்லாம் ஒழித்து, யோக்கியனான பிறகு கிறிஸ்துவிடம் போகலாமென்றிருக்கிறேன். சரிதானே?
— வாசகர் ஒருவர், சாணார்பட்டி

பதில்: சாவியைத் தொலைத்தவன், பூட்டு தானாகத் திறந்துகொண்ட பிறகா திண்டுக்கல்லுக்குப் பூட்டுக்காரரைத் தேடிப் போவான்? 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, அந்த ஆசாரத்திலேயே வளர்ந்து, தமிழில் ஆழ்ந்த புலமையும் பெற்றிருந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, அவற்றையெல்லாம் இரட்சிப்புக்கு விலையாக நீட்டாமல், கிருபையொன்றையே யாசித்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய ‘இரட்சணிய யாத்திரிகம்’ வெளிவந்ததோ 1894-இல். காவியத்தைக் கையூட்டாகக் கொடுத்து உள்ளே நுழைந்தாரென்று எவரும் சொல்ல முடியாது! இயேசுவின் அருகே சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கோ யோக்கியனாவதற்கு அவகாசமே இல்லை. தன்னை நினைத்தருள வேண்டுமென்று விண்ணப்பித்தான், அன்றைக்கே பரதீசு கிடைத்தது. தாங்கள் அழுக்குச் சட்டையோடேயே புறப்படலாம்.