எத்தனை அடைப்பு?

"ஸ்டென்ட் வெச்சிருக்கு" என்று சொன்னால் போதும், நம் ஊரில் அடுத்த கேள்வி "எத்தனை அடைப்பு?" என்பதுதான். கேட்பவருக்கே மூன்று இருக்கும். இல்லாவிட்டால் அவர் சம்பந்திக்கு இருக்கும். "இதயத்துல இல்லைங்க, உணவுக்குழாயில" என்றதும் முகம் வாடிவிடுகிறது. இதயத்தில் வைத்துக்கொண்டவருக்கு ஒரு மரியாதை உண்டு. மாடிப்படி ஏறினால் நாலு பேர் பதறுவார்கள், வீட்டில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். என்னையோ பிளம்பர் வந்துபோன வீட்டைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

அளவை வைத்துப் பார்த்தால் நான்தான் சீனியர். இதயத்தில் வைப்பது சுமார் 3 மில்லிமீட்டர் அகலம். என்னுடையது கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர், நீளம் 10 சென்டிமீட்டருக்கு மேல். நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பியில் பின்னிய வலை. 1959 வாக்கில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் ஒன்றில் வில்லியம் பியூலர் என்பவர் ஏவுகணையின் மூக்குக்குத் தோதான பொருளைத் தேடியபோது அகப்பட்ட உலோகம் அது. ஏவுகணைக்குப் போக வேண்டியது என் நெஞ்சுக்குள் உட்கார்ந்து இட்லியோடு மல்லுக்கட்டுகிறது. ஒல்லியாகச் சுருக்கி உள்ளே விட்டுவிடுவார்கள். உடம்புச் சூட்டில் தானாக விரியும். முழுதாக விரிய ஓரிரு நாள் ஆகும். அதுவரை நெஞ்சு வலிக்கும். அப்போது மட்டும் இதய நோயாளிக்குரிய மரியாதை எனக்கும் கிடைத்தது.

எதற்கு வைத்தார்கள் என்றால், கட்டி. அதைப் பற்றி ஆஸ்பத்திரியில் வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது. தண்ணீர்கூட இறங்காமல் தவித்தவனுக்கு இப்போது ரசம் சாதம் இறங்குகிறது. அது போதும்.

அந்த ரசமும் சும்மா வந்துவிடுவதில்லை. பரோட்டா, பிரெட், கறித்துண்டு, கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல், வேர்க்கடலை எல்லாம் கூடாது என்று பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். வலையில் சிக்கினால் மறுபடி எண்டோஸ்கோப்பிதான். பட்டியல் போட்டவர் முருங்கைக்காயை விட்டிருந்தார். என் மனைவி பேனா எடுத்துச் சேர்த்துவிட்டாள். கறிவேப்பிலையைத் தாளித்து, மணம் இறங்கியதும் ஒவ்வொன்றாகப் பிடித்து வெளியேற்றுகிறாள். தேடுதல் வேட்டை முடியாமல் ரசம் மேசைக்கு வராது.

சாப்பிட்ட பின் சோடா குடிக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ஒட்டிக்கொண்டிருப்பதை அந்த நுரை கிளப்பிக் கீழே தள்ளிவிடும். ஆயுள் முழுக்க மோர் குடித்தவன், ராத்திரி எட்டு மணிக்குப் பெட்டிக்கடையில் போய் சோடா கேட்டேன். கடைத்தம்பி கேட்காமலே ஒரு பேப்பர் டம்ளரும் ஊறுகாய் பாக்கெட்டும் சேர்த்து நீட்டினான். பக்கத்து வீட்டுக்காரர் இப்போதெல்லாம் அந்த நேரமாகப் பார்த்து மிக்சர் பொட்டலத்தோடு நலம் விசாரிக்க வருகிறார். சோடாவை மட்டும் குடித்துவிட்டு நான் கையலம்பப் போகும்போது அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

என் ஸ்டென்ட் இரைப்பையின் வாசலைத் தாண்டி நிற்கிறது. அங்கே இருந்த கதவு இனி மூடாது. படுத்தால் ரசம் வந்த வழியே திரும்பிவிடும். அதனால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்திருக்கிறோம். படுக்கும்போது தலையணையில் இருப்பவன் விடியும்போது கால்மாட்டில் கிடக்கிறேன். சாப்பிட்டதும் குனியக் கூடாது என்பதுதான் இதில் கிடைத்த ஒரே வரம். துண்டு, ரிமோட், பேனா, எது கீழே விழுந்தாலும் நான் எடுப்பதில்லை. "ஏங்க, சாப்பிட்ட பிறகுதானே குனியக் கூடாதுன்னாரு?" என்கிறாள் மனைவி. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். நான் எப்போதுமே சாப்பிட்ட பிறகுதான் இருக்கிறேன்.

கல்யாணப் பந்திதான் பெரும்பாடு. ஒரு வாய்ச் சோற்றை மென்று கூழாக்கி இறக்குவதற்குள் சாம்பார் போய், ரசம் போய், மோரும் போய், எதிர்வரிசை கைகழுவ எழுந்துவிடும். அடுத்த பந்திக்காரர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நிற்பார். இலை எடுக்கும் பையன் என் இலையை மடக்கலாமா என்று பார்த்துக்கொண்டே இருப்பான்.

ஆகவே, பத்திரிகை வைக்க வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். என்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வையுங்கள். எனக்கு மட்டும் கொஞ்சம் சாதத்தைக் குழைய வைக்கச் சொல்லுங்கள். சோடாவை நானே கொண்டுவந்துவிடுவேன். பக்கத்து இலைக்காரரிடம் மட்டும் அது வெறும் சோடாதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.