புள்ளி அண்ணை

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் கப்பல் அலுவல் பார்க்கும் கந்தோர்களில் கணக்கர் மாறுவார், சுங்கக் கடதாசி கொண்டு ஓடும் பொடியன் மாறுவான், தேத்தண்ணி கொண்டுவருபவர்கூட மாறுவார். மாறாத ஆள் ஒருவர் உண்டு. மூலையில் கறுப்புத் திரையும் பச்சை எழுத்துமாக இருப்பவர். எந்த நேரம் போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான்: "இந்தா தம்பி, ஷெல்லை ஒருக்கா சரிப்படுத்திப்போட்டு வேலையைத் தொடங்குவம்."

ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நடத்தும் நிரல். அதற்காக அவர் ஓயாமல் திருத்தும் கோப்புகள் எல்லாம் புள்ளியில் தொடங்குகிறவை. சும்மா பட்டியலிட்டால் கண்ணில் படாது. அதனால் புள்ளி அண்ணை. ஏன் படாது என்று நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வார். ஆதி யூனிக்ஸில் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற இரண்டு பெயர்களைப் பட்டியலில் மறைக்க நினைத்தவர், முதலெழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்துவிட்டு எழும்பிவிட்டார். புள்ளி வைத்த எல்லாமே மறைந்துபோயின. யூனிக்ஸில் வேலை பார்த்த ராப் பைக் இதை எழுதியே வைத்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அண்ணையின் முகத்தில் தெரியும் பூரிப்பை, கோணேசர் கோயில் தலபுராணம் சொல்பவரிடம்கூட நான் கண்டதில்லை.

கட்டளை தட்டும் இடத்துக்கு முன்னால் வரும் அடையாளம் மற்றவர்களுக்கு ஒரு டாலர் குறி. அண்ணைக்கு அதில் நேரம், திகதி, எந்த அடைவு, போன கட்டளை வென்றதா தோற்றதா, அதோடு ஒரு குட்டிக் கப்பல் படம். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணி நேரம் மின்சாரம் வெட்டியபோது பற்றரி வீதத்தையும் சேர்த்தார். மின்வெட்டு போய்விட்டது, வீதம் போகவில்லை. நிறக் குறிகளைச் சுற்றிப் போட வேண்டிய அடைப்பை ஓரிடத்தில் விட்டுவிட்டதால், நீளமான கட்டளை தட்டினால் அது அடுத்த வரிக்கு இறங்காமல் தன் தலையிலேயே ஏறி விழும். "அழகுக்குக் கொஞ்சம் பொறுக்கத்தான் வேணும்," என்பார்.

சுருக்கெழுத்து இன்னொரு வியாதி. அடிக்கடி தட்டும் கட்டளை எல்லாவற்றுக்கும் ஓரெழுத்து, ஈரெழுத்துப் பெயர். அவரை இன்னொருவருடைய லப்டொப்பில் இருத்திப் பாருங்கள். இரண்டெழுத்துத் தட்டுவார், அப்படியொரு கட்டளை இல்லை என்று வரும். இன்னும் இரண்டு தட்டுவார், அதுவும் இல்லை. "என்ன தம்பி, இந்த மெசினில ஒண்டுமே இல்லையே!"

ஆனால் ஆளை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. கம்பஸ் பொடியன் ஒருவன், "அண்ணை, நேற்றுவரை வேலை செய்தது, இண்டைக்கு லொகின் பண்ணினா பாத் வருகுதில்லை," என்று வந்தான். பாத் என்பது கட்டளைகளை எங்கெங்கே தேடுவது என்ற பட்டியல். அண்ணை திரையைப் பார்க்கவே இல்லை. "புதுசா பாஷ் புரொஃபைல் எண்டு ஒண்டு உண்டாக்கினீரோ?" ஆம். அவ்வளவுதான். லொகின் ஷெல்லாகத் தொடங்கும் பாஷ், புள்ளி பாஷ் புரொஃபைல், புள்ளி பாஷ் லொகின், புள்ளி புரொஃபைல் என்ற வரிசையில் தேடி, முதலில் அகப்படும் ஒன்றை மட்டும் வாசிக்கும். புதியது வந்தது, பழையது சத்தமில்லாமல் செத்தது. பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989இல் வெளிவந்த ஷெல்லின் குணம் இவருக்கு உள்ளங்கை ரேகை.

ரேகை தெரிந்தவரே கவிழ்ந்ததும் உண்டு. உபுண்டு தரும் பாஷ்ஆர்சி கோப்பின் தலையில் சில வரிகள் இருக்கும்: ஆள் இருந்து தட்டாத ஷெல் என்றால் இதோடு நிறுத்து, மேலே வாசிக்காதே. "இது என்னத்துக்கு?" என்று அழித்தார். அந்த இடத்தில், "வணக்கம் கப்பித்தான்! திருகோணமலை உங்களை வரவேற்கிறது" என்று பெரிய எழுத்தில் அச்சிட வைத்தார். சீனக்குடாவுக்குக் கோதுமைக் கப்பல் வந்த அன்று, கொழும்பிலிருந்து அண்ணையின் மெசினுக்கு எஸ்சிபியில் கடதாசிகள் அனுப்புகிறார்கள், ஒன்றும் வந்து சேரவில்லை. கோப்பு அனுப்பும் நிரல் மறுமுனையிலிருந்து தன் பாஷையில் ஒரு பதிலை எதிர்பார்க்கிறது. இவருடைய ஷெல்லோ அதற்கு வணக்கம் சொல்கிறது. வலையமைப்புக்காரர், கேபிள்காரர், ரவுட்டர்காரர் எல்லோரையும் ஏசி முடித்த பிறகுதான் வரவேற்பு வாசகம் அகப்பட்டது. அண்ணை அதை அழிக்கவில்லை, முன்பு அழித்த வரிகளைத் திருப்பிப் போட்டு அவற்றுக்குக் கீழே இறக்கி வைத்தார்.

2019இல் அப்பிள் தன் கணினிகளுக்கு ஸெட்ஷெல்லை வழமையாக்கியதைப் பிந்திக் கேள்விப்பட்டு, அண்ணை இப்போது மதம் மாறிக்கொண்டிருக்கிறார். அதற்குத் தொடக்கம், முடிவு எல்லாம் சேர்த்து ஐந்து கோப்புகள். இந்த வருடமும் வேலை தொடங்காது.

அவர் புத்திமதிகளில் ஒன்றை மட்டும் கேளுங்கள். இந்தக் கோப்புகளில் கை வைக்க முன் ஒரு பிரதி எடுத்து, இன்னொரு டெர்மினலையும் திறந்து வையுங்கள். பாத் வரியில் பழையதைச் சேர்க்காமல் சேமித்தால் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்கூட வராது. அப்போது லப்டொப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். எல்எஸ்ஸை அது இருக்கும் ‘பின்’ (bin) அடைவின் முழு முகவரியோடு தட்டினால் வரும்.