விலையறிஞர்

வெளிநாட்டுச் சுற்றுலா செல்லும் தமிழ்க் குழுக்களைக் கூர்ந்து நோக்குவோர், ஏறக்குறைய ஒவ்வொரு குழுவிலும் விலையறிஞர் என்று வகைப்படுத்தத்தக்க ஒருவரைக் காண இயலும். விலை அச்சிட்டு ஒட்டப்பட்ட கடைகளில் வேலையின்றி வாடி நிற்கும் இவர், பேரம் பேசும் வழக்கமுள்ள பாங்காக் போன்ற நகரங்களில்தான் முழுமையாக மலர்கிறார்.

இவருடைய அன்றாடப் பணி விடுதியின் காலையுணவு மேசையில் தொடங்குகிறது. பிறர் வாங்கிய பையையோ சட்டையையோ விரலால் தடவிப் பார்த்து, "எவ்வளவு கொடுத்தீங்க?" என்று வினவி, சொல்லப்பட்ட தொகை எதுவாயினும் ஒரு கணம் கண்மூடி, "ஏமாத்திட்டான்" என்று தீர்ப்பளிப்பார். சரியான விலை எது என்பதை இவர் தெரிவிப்பதில்லை; அது நீதிபதியின் வேலையன்று என்பது இவர் கொள்கை போலும்.

பேரச் சந்தையில் சரக்கைவிடத் தகவலே அரிது என்பதை அமெரிக்க மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ், மொராக்கோவின் செஃப்ரூ நகரச் சந்தையை ஆராய்ந்து 1978இல் எழுதிய கட்டுரையில் விளக்கியுள்ளார். அங்கு வாங்குபவர் பல கடைகளில் விலையை மேலோட்டமாக விசாரித்துத் திரிவதைவிட, ஒரு வணிகரிடமே நிலையான வாடிக்கை வைத்து ஆழமாகப் பேரம் பேசுவதையே முதன்மையாகக் கொள்கிறார். நான்கே நாள் தங்கும் விலையறிஞருக்கு வாடிக்கை பிடிக்க நேரமில்லை, ஆகவே திரிகிறார்.

பாங்காக்கில் துணிக்கடைகள் நெருங்கிய பிரதுநாம் பகுதியில், மொழி தெரியாத இருவருக்கும் பொதுமொழியாகக் கணிப்பான் கைமாறுகிறது: கடைக்காரப் பெண் 300 என்று தட்ட, இவர் 100 என்று தட்ட, அவர் சிரித்து 280 என்று தட்ட, இவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியேறுகிறார். திரும்பி நடத்தல் எனப்படும் இவ்வுத்தி, பின்னாலிருந்து எவரேனும் கூப்பிட்டால் மட்டுமே பயன்தரும். எவரும் கூப்பிடாத நிலையில், தம் முகத்தை மறுபடி அங்கே காட்ட இயலாமையால், அரைமணி கழித்து மனைவியை அனுப்புகிறார். மூன்றாக எடுத்தால் மொத்த விலை என்ற வழக்கும் அங்குண்டு என்பதால், தேவைப்பட்ட ஒரு சட்டைக்காக மூன்று வாங்கப்படுகின்றன. மூன்றும் பேரனுக்குச் சிறியவை.

விலைச்சீட்டு ஒட்டியவற்றை எல்லாம் ஐயுறும் இவர், எதையும் விற்காதவர் கூறும் அறிவுரையை மட்டும் முழுமையாக நம்புவது ஆய்வுக்குரியது. தாய்லாந்து நாணயத்தில் 35 பாட் என்று தொடங்கும் டாக்சி மீட்டரில் சூழ்ச்சி இருக்கும் என்று விலகிச் செல்பவர், பெரிய அரண்மனையின் மதிலருகே இஸ்திரிச் சட்டை அணிந்த ஒருவர், "இன்று பூசை, பிற்பகல்தான் திறப்பார்கள், அதுவரை 20 பாட்டுக்கு டுக்-டுக்கில் கோயில்கள் பார்க்கலாம்" என்று கூறியவுடன் கரைந்துவிடுகிறார். அந்நியரை நம்பவேண்டாம் என்ற அறிவிப்புப் பலகையைப் பார்த்தும், தாய்லாந்து மக்களுக்கு இலவசமாக அனுமதியளித்து அயல்நாட்டாரிடம் 500 பாட் வாங்கும் நிருவாகத்தின் பேச்சை எவ்வாறு நம்புவது என்று கேட்கிறார். டுக்-டுக் எனப்படும் மூவுருளி வண்டி ஒரு கோயிலையும் பின்னர் ஒரு நகைக்கல் கடையையும் அடைகிறது. ஆள் கொண்டுவந்தமைக்காக ஓட்டுநருக்குக் கடையிலிருந்து தரகு கிடைப்பதால்தான் 20 பாட் கட்டுப்படியாகிறது என்ற கணக்கு, எல்லாக் கணக்கும் அறிந்தவருக்கு மட்டும் தோன்றுவதில்லை. இன்றோடு முடியும் சலுகை என்ற பேரில் ஒரு நீலக்கல் வாங்கப்படுகிறது.

மறுநாள் காலையுணவு மேசையில் அதே வினா இவரை நோக்கி எழும்போது, கொடுத்த தொகையைப் பாதியாக்கிச் சொல்வது இவ்வகையினரின் மரபாகும். அப்பாதித் தொகையே உள்ளூர் விலை எனக் குழு முழுவதும் பரவ, பகல் பதினொரு மணிக்குள் இன்னும் மூன்று குடும்பங்கள் அந்த இஸ்திரிச் சட்டைக்காரரைத் தேடிப் புறப்படுகின்றன. வழியை வரைபடம் போட்டுக் கொடுப்பவரும் விலையறிஞரே.