ஐந்தாவது நரம்புக் குற்றம்: யுகுலேலேக்குத் தந்தி மாற்றும் முறைமை குறித்த ஓர் ஆராய்ச்சி

பேரியாழுக்கு 21, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று நரம்புகளை எண்ணி எண்ணி உரைவகுத்த நம் முன்னோரும், அவ்வெண்ணிக்கையின் உட்பொருளை ஆராய்ந்து 1947-இல் ‘யாழ் நூல்’ என்னும் பெருங்கிரந்தத்தை அருளிய விபுலாநந்த அடிகளும், நான்கே தந்திகளையுடைய யுகுலேலே என்னும் அற்ப வாத்தியத்தைப் பற்றி ஒரு சூத்திரமும் இயற்றாமல் போயினர். அவர்களுக்கு வேறு காரியங்கள் இருந்தன. அத்தகைய காரியம் ஏதும் இல்லாதவனும், சிவகாசி வட்டாரத்து அச்சங்குளத்தில் வசிப்பவனும், தங்கை மகன் தருவித்த யுகுலேலேயின் தந்தி அறுந்த நாள்முதல் வீட்டில் நிம்மதியை இழந்தவனுமாகிய அடியேன், அக்குறையை நிரப்பப் புகுகிறேன்.

பட்டாசுக்குத் திரி அளந்து நறுக்கும் வட்டாரத்தில், பரதேசத்து வாத்தியம் ஒன்றைப் பற்றி ஆராய்ச்சி செய்ய என்ன முகாந்தரம் என்று பூர்வபட்சம் எழலாம். அவ்வாறு வினவுவோர் எங்கள் கரிசல் பூமியின் சங்கீத சரித்திரத்தை அறியாதவர்கள். முத்துஸ்வாமி தீட்சிதர் தம் இறுதி நாட்களைக் கழித்து, 1835-ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளன்று தேகவியோகம் அடைந்தது எட்டயபுரத்தில். அவருடைய இளைய சகோதரர் பாலுஸ்வாமி தீட்சிதர், வெள்ளைக்காரர் கையிலிருந்த பிடிலை வாங்கிக் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கி, அதே எட்டயபுரம் சமஸ்தானத்தில் ஆஸ்தான வித்துவானாக வீற்றிருந்தார். பிடிலுக்குப் பந்தி விரித்த மண் யுகுலேலேக்குத் திண்ணையாவது தராதா?

இவ்வாத்தியத்தின் வம்சாவளி சுருங்கச் சொல்லத்தக்கது. போர்ச்சுகலுக்கு உரிய மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘ரேவன்ஸ்கிராக்’ என்னும் கப்பல், 1879 ஆகஸ்டில் ஹவாயின் ஹொனலூலுத் துறையை அடைந்தது. அதில் வந்திறங்கிய மானுவல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோஸ் டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்னும் மூன்று தச்சர்கள், தம் தீவின் சிறு கிதாரைத் தழுவி இதனைச் செய்து விற்கலாயினர். கலாகவா மன்னரும் ஆதரித்தார். தோட்டக்கூலியாய்க் கப்பலேறிய ஜனங்கள் எதையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு போவார்கள் என்பதைத் தென்பாண்டி நாட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி நரம்பின் இலக்கணம். சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், யாழ்ப்போட்டிக்கு வந்த சீவகன், நீட்டப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாக வாங்கி, இது நீரில் கிடந்து அழுகிய மரம், இது இடி விழுந்த மரம் என்று குற்றங்கூறி ஒதுக்குகிறான். பழந்தமிழ் இசைமரபில் நரம்புக்கு உரிய குற்றங்களாக எண்ணப்படுபவை கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்னும் நான்கு. யுகுலேலேயும் தன் பால்யத்தில் குடல் நரம்பையே பூண்டிருந்தமையால் இந்நான்கு தோஷங்களுக்கும் ஆளாகியே இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தை அடுத்து நியூயார்க் நகரத்து ஆல்பர்ட் அகஸ்டின் நைலானைக் கொண்டு கிதாருக்குத் தந்தி சமைத்து, செகோவியா போன்ற மகாவித்துவான் அதை அங்கீகரித்த பின்னர், யுகுலேலேயும் நைலானுக்கு மாறிற்று. புரியே இல்லாத ஒற்றை இழைக்குக் கொடும்புரி ஏது, முறுக்கு ஏது? சீவகன் இன்று எழுந்தருளினால் குற்றம் சொல்ல மரம் ஒன்றுதான் மிஞ்சும். அதுவும் பெரும்பாலும் ஒட்டுப்பலகை.

தந்தி தேர்வதில் மூன்று விதிகள் போதும். முதலாவது, வாத்தியத்தின் நீளம் அறிந்து வாங்குக. குதிரைக்கும் மேருவுக்கும் இடையே சிறிய வகையாகிய சோப்ரானோவுக்குச் சுமார் 13 அங்குலமும் பெரிய வகையாகிய டெனருக்கு 17 அங்குலமும் ஆகையால், ஒன்றின் தந்தி மற்றொன்றுக்குத் தொளதொளக்கும் அல்லது விறைக்கும். இரண்டாவது, நைலானா புளூரோகார்பனா என்பது செவியின் ருசி. நைலான் மிருதுவாகப் பேசும். ஜப்பானில் தூண்டில் நரம்பாய்ப் பிறந்து சங்கீதத்துக்குப் பதவி உயர்ந்த புளூரோகார்பனோ, அடர்த்தி மிகுந்தமையால் மெலிந்த உருவிலேயே அதே சுருதியைத் தந்து கணீரென்று ஒலிக்கும். மூன்றாவது விதி கட்டளை: வீட்டுப் பரணில் வீணைக் கம்பிச் சுருள் கிடக்கிறதே என்று எஃகை எடுத்து மாட்டலாகாது, அதன் இழுவிசைக்கு மெல்லிய பலகையில் ஒட்டிய குதிரை பெயர்ந்து கையோடு வந்துவிடும்.

நான்காவது தந்தி, வரிசைப்படி மிகத் தாழ்ந்து ஒலிக்க வேண்டியது, தன் அண்டைத் தந்தியைவிட உயர்ந்து ஒலிக்கிறதே, இது சாஸ்திர விரோதம் அன்றோ என்று சிலர் திகைத்துத் தடித்த தந்தியைத் தேடி அலைகின்றனர். நம் தம்புராவில் முதலில் பஞ்சமம், பின்னர் அதனினும் உயர்ந்த சாரணி இரண்டு, கடைசியில் மந்தரம் என்று ஏறி இறங்கும் நான்கு தந்திகளைக் கேட்டே உறங்கி வளர்ந்த சமூகம், ஹவாய்க்காரனின் ஏற்றத்தாழ்வைக் கண்டு மூக்கில் விரல் வைப்பது விசித்திரம்.

கட்டும் முறை எளிது. குதிரையின் துளையில் நுழைத்து, திருப்பி, தன் அடியிலேயே இரண்டு மூன்று முறை செருகி, கடைசிச் செருகல் குதிரையின் பின்விளிம்புக்கு அப்பால் விழும்படி இறுக்குக. மறுமுனையைப் பிரடையில் இரண்டு அல்லது மூன்று சுற்றுக்கு மேற்படாமல் சுற்றுக. நகவெட்டியால் மிச்சத்தை நறுக்கலாம்.

இவ்வளவும் முடிந்த பின்னரே இவ்வாராய்ச்சியின் கண்டுபிடிப்பாகிய ஐந்தாவது குற்றம் தலைகாட்டுகிறது. அதற்கு நெகிழ்வு என்று நாமகரணம் செய்திருக்கிறேன். புதிய நைலான் தந்தி, சுருதி சேர்த்துக் கீழே வைத்த சிறிது நேரத்திலேயே இறங்கும். முடுக்கினால் மீண்டும் இறங்கும். இழுவிசைக்கு ஆட்பட்ட இழை கொஞ்சங் கொஞ்சமாக நீண்டு, முடிச்சும் சுற்றும் இறுகி, சில நாட்கள் சென்ற பிறகே நிலைப்படும். எங்கள் ஊரில் இது உக்கிரம் பெறுகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து சிவகாசியின் செல்வமாக மாற்றிய அதே வறட்சி, சித்திரை வெயிலில் யுகுலேலேயின் பலகையை வற்றச் செய்கிறது. ஐப்பசி மழையிலோ நைலான் ஈரத்தைக் குடித்து வேறு சுருதி பாடுகிறது. பசை தடவிய திரி காயும்வரை வாய் திறவாமல் காத்திருக்கும் ஊரில், ஒரு தந்தி நிலைப்படும்வரை காத்திருக்க ஆளில்லை.

“மாமா, யூடியூப்புல ரெண்டே நிமிஷத்துல மாட்டி வாசிச்சிருதாங்களே?” என்றான் பையன்.

“மருமகனே, அவுக மாட்டுனதைக் காட்டுனாக. மறுநாள் இறங்குனதைக் காட்டுனாகளா?” என்றேன். தந்தியை விரலால் மெல்ல இழுத்து இழுத்து விட்டால் அந்த நீட்சி சற்று விரைவில் முடியும் என்ற பரிகாரத்தையும் உபதேசித்தேன். அவன் பரிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய், இழுத்த வேகத்தில் இரண்டாவது தந்தியையும் அறுத்தான்.

ஒரு தந்தி அறுந்தால் அதை மட்டும் மாற்றுவதா, நான்கையும் மாற்றுவதா என்பது எஞ்சிய சங்கை. பழைய தந்தியின் அடிப்புறத்தில் மெட்டுகள் பட்ட இடங்களில் பள்ளம் விழுந்து, ஒலி மங்கி, மேல்ஸ்தாயியில் சுருதி பிசகியிருந்தால், நான்கையும் மாற்றுவதே நியாயம். அவ்வாறில்லையெனில் ஒன்றே போதும் என்பது எளியோர் மதம். ஆயின் வியாபாரிகள் நான்கையும் ஒரே உறையில் அடைத்தே பெரும்பாலும் விற்பதால், பண்டிதர்கள் கூடித் தீர்க்கவேண்டிய இவ்விவாதம் ரூபாய் பைசாவில் தீர்ந்துவிட்டது. மிஞ்சும் தந்திகளைச் சுருட்டி அதே உறையில் போட்டு, மேலே எது எந்தத் தந்தி என்று எழுதிவைக்க. எழுதாவிட்டால் அடுத்தமுறை தடவிப் பார்த்துத் தடிமன் கண்டுபிடிக்கும் பணி, வீட்டில் வேறு காரியம் ஏதும் இல்லாதவன் எவனோ அவனிடமே வந்து சேரும்.