புதுக்கோட்டையைத் தூக்கிவிட்டாலும் வாக்கியம் நிற்குமாம்

பெறுநர்: ஆங்கில வினாத்தாளும் விடைக்குறிப்பும் அருளும் பெருந்தகையினர்.

பொருள்: புதுக்கோட்டையை வாக்கியத்திலிருந்து தூக்க மறுத்த மாணவி தொடர்பாக.

பார்வை: மாணவியின் பள்ளி டைரி, சிவப்பு மை.

பேரன்பும் பெருமதிப்பும் உடையீர்,

கீரமங்கலம் பக்கம் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளையின் டைரியில் சென்ற வாரம் தங்கள் பரம்பரையின் கைவண்ணம் ஒரு வரியாக இறங்கியது. ‘யுவர் வார்டு வெரி புவர் இன் கிராமர்.’ தேங்காய் வியாபாரம் பார்க்கும் தகப்பனார் மறுபேச்சில்லாமல் கீழே கையெழுத்துப் போட்டார். மகள்தான் எட்டிப் பார்த்து, “இதுல வி, அதான் வினை, இல்லையேப்பா” என்றாள். அந்தச் சொல் தோழிகள் வழியாக ஸ்டாஃப் ரூம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் ஆங்கில வகுப்பு முடியும்வரை பிள்ளை கரும்பலகையோரம் நின்றாள்.

டைரி வரை போன குற்றம் இதுதான். வகுப்புத் தேர்வில் ஒரு மார்க் கேள்வி: ‘ஷி லிவ்ஸ் இன் புதுக்கோட்டை’. வாக்கிய அமைப்பை எஸ் (எழுவாய்), வி (வினை), ஓ (செயப்படுபொருள்), சி (நிரப்பி), ஏ (அடை) என்ற எழுத்துகளில் சொல்லவேண்டும். விடைக்குறிப்பில் இருப்பது எஸ்.வி.ஏ. பிள்ளை எழுதியது எஸ்.வி.சி. ‘எங்கே’ என்று கேட்டு விடை வந்தால் அது ஏ, ஏ-வைத் தூக்கிவிட்டாலும் வாக்கியம் நிற்கும் என்பது டியூஷன்தோறும் ஓதப்படும் மந்திரம். பிள்ளை சொன்னபடியே தூக்கிப் பார்த்தாள். ‘ஷி லிவ்ஸ்’ மிஞ்சியது. அவள் உயிரோடிருக்கிறாள்! சந்தோஷமான சேதிதான், ஆனால் வாக்கியம் சொல்லவந்தது அதுவல்லவே. தூக்கக்கூடாதது ஏ-வாக இருக்கமுடியாது என்று முடிவுகட்டி, சி என்று எழுதினாள்.

புதுக்கோட்டையைத் தூக்கிவிடலாம் என்று தாங்கள் திருவுளம் பற்றியதில் மாவட்டத்துக்காரர்களுக்கு வருத்தம் ஒன்றுமில்லை, பழகிவிட்டது. 1948 மார்ச் 3ஆம் தேதி வரை சமஸ்தானமாக எஸ் இடத்தில் உட்கார்ந்திருந்த ஊர், அன்று இந்திய ஒன்றியத்தில் சேர்ந்து திருச்சி மாவட்டத்துக்கு ஏ ஆனது. வாலில் தொங்கியே காலம் தள்ளி, 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டமாகி மறுபடி எஸ் ஆனது. தங்கள் விடைக்குறிப்பு அரசாணை ஏதும் இல்லாமலே அதை ஏ-வாக இறக்கிவிட்டது. இவ்வளவு சுருக்கமாக ஒரு மாவட்டத்தைக் கலைக்க வேறு எந்தத் துறையாலும் ஆகாது.

வாக்கியத்தைப் படமாக வரையும் கலை தங்களுக்குத் தெரியாததல்ல. 1847இல் அமெரிக்காவில் ஸ்டீபன் கிளார்க் என்பவர் சொற்களைக் குமிழிகளுக்குள் அடைத்து வரைந்தார். 1877இல் புரூக்ளினைச் சேர்ந்த அலான்சோ ரீடும் பிரெய்னர்டு கெல்லாகும் குமிழியை உடைத்துக் கோடாக்கினார்கள். படுக்கைக் கோடு ஒன்று. அதை வெட்டிக்கொண்டு ஒரு நெடுங்கோடு. இடப்பக்கம் எழுவாய், வலப்பக்கம் வினை. அடை எல்லாம் அடியில் சாய்கோட்டில் தொங்கும். அந்தப் படத்திலும் புதுக்கோட்டை தொங்கத்தான் செய்கிறது. ஆனாலும் அறுத்துப் போடலாம் என்று ரீடும் சொல்லவில்லை, கெல்லாகும் சொல்லவில்லை.

தாங்கள் போற்றும் எஸ்.வி.ஓ.சி.ஏ எழுத்துகளைப் பரப்பியதில் பெரும்பங்கு ராண்டால்ஃப் குவெர்க்கும் அவரது மூன்று தோழர்களும் 1972இல் வெளியிட்ட இலக்கண நூலுக்கு உண்டு. அவர்கள் கணக்கில் வாக்கிய வகை ஏழு. எஸ்.வி.ஏ-வும் அதில் ஒன்று. காரணம், அங்கே வரும் ஏ நீக்க முடியாத ஏ. 2002இல் ஹட்டில்ஸ்டனும் புல்லமும் எழுதிய கேம்பிரிட்ஜ் இலக்கணம் இன்னும் ஒருபடி போய், ‘லிவ்’ என்ற வினையோடு வரும் இடப்பெயர்த் தொடரை நிரப்பி என்றே வகைப்படுத்துகிறது. கீரமங்கலத்துப் பிள்ளை எட்டிய இடமும் ஏறக்குறைய அதுதான். கேம்பிரிட்ஜ் அதை அச்சடித்து விற்றது. பிள்ளைக்குக் கிடைத்தது சுழி.

அவளை நிற்கவைத்தது எதற்கு? தப்பாக எழுதியதற்கா, யோசித்ததற்கா? பத்து வருஷம் ஆங்கிலம் படித்தும், பஸ் ஸ்டாண்டில் வெளியூர்க்காரர் ஒருவருக்கு வழிசொல்ல வாய் வராமல் பிள்ளைகள் ஒதுங்கி நிற்கிறார்கள். அடுத்தவர் எழுதிய வாக்கியத்தை வெட்டிக்காட்டு, வெட்டிக்காட்டு என்று மட்டுமே கேட்டால் வேறெப்படி இருக்கும்? வெட்கமாக இல்லையா?

பொறுத்தருள்க. பேனா சற்றுத் தடம் புரண்டுவிட்டது. தங்கள் கருணையை மாவட்டம் ஒருபோதும் மறவாது.

கோடு போட்டால் மிரள்கிற ஊரும் அல்ல புதுக்கோட்டை. நான்கு திசையிலும் ராஜ வீதி, அதைச் சுற்றி இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று அடிக்கோல் வைத்து வரைந்த நகரம். இங்கே 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, மகாராஜா கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாகப் படித்து, டாக்டராகி, சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராக எழுந்து நின்று பேசினார். தூக்கிவிடக்கூடிய ஏ-வாக இருக்க அவர் இசையவில்லை.

உள்ளபடி சொன்னால், தமிழ்ப் பிள்ளைக்கு இந்தக் கோட்டுப் படம் நல்ல பயிற்சி. தமிழில் வினை கடைசியில் வரும். சில நேரம் வரவே வராது. ‘இவர் என் அப்பா’ என்றால் போதும். ஆங்கிலத்தில் அது நடக்காது. படம் வரைந்தால் வலப்பக்கம் காலியாகக் கிடப்பது உடனே கண்ணில் படும். டைரியில் எழுதியவருக்கு நேர்ந்ததும் அதுவே: ‘உங்கள் பிள்ளை இலக்கணத்தில் ரொம்ப மோசம்’ என்று தமிழில் நினைத்து, அப்படியே ஆங்கில எழுத்தில் இறக்கிவிட்டார். அதற்காக யாரும் அவரைக் கரும்பலகையோரம் நிறுத்தவில்லை.

ஆகவே தங்கள் சமூகத்திடம் பணிவான விண்ணப்பம்: கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். எழுத்துகளைத் தாங்கள் கொடுங்கள், வாக்கியத்தைப் பிள்ளைகள் எழுதி வரையட்டும். விராலிமலைப் பிள்ளை மயிலை எஸ் ஆக்கும், ஜெகதாப்பட்டினத்துப் பிள்ளை படகை ஓ ஆக்கும். விடைக்குறிப்பு தயாரிக்க முடியாதே என்ற கலக்கம் எழலாம். ஆமாம், முடியாது. திருத்துகிறவர் படித்துப் பார்த்துத்தான் மார்க் போடவேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் சிரமத்துக்குப் படியளக்க அரசுக்குப் பரிந்துரைக்கலாம்.

அதுவரை, அந்த ஒரு மார்க்கை மட்டும் காலாண்டுத் தேர்வுக்கு முன் போட்டுக் கொடுத்துவிட்டால் தகப்பனாருக்கு ஆறுதலாக இருக்கும். கையெழுத்து வாங்க டைரியை அனுப்பினால் போடத் தயாராக இருக்கிறார். இந்த முறை படித்துப் பார்த்துவிட்டு.

இப்படிக்கு,
தகப்பனாருக்காக எழுதிக் கொடுத்தவர்,
புதுக்கோட்டை மாவட்டம் (நீக்க வேண்டாம்).