கேப்டன் அக்கா

சுங்கை லாலாங் பக்கம் ஓர் இடைநிலைப் பள்ளியில் ரோபோட்டிக்ஸ் குழு இருந்தால், அங்கே ஒரு கேப்டன் அக்காவும் இருப்பார். நாலாம் படிவம். அவர் கையில் திருப்புளியைப் பார்ப்பது அபூர்வம். பொறுப்புப் பட்டியல்தான் இருக்கும்.

பேட்டரிக்குச் சார்ஜ் போட ஒருவர், சார்ஜரைக் கழற்ற இன்னொருவர், கீழே விழுந்த லெகோ பின்னைத் தேட மூவர். போட்டி நெருங்கினால் காலை ஐந்து மணிக்கே வாட்ஸ்அப்பில் குரல்பதிவு: “யார் யார் வர்றீங்க? பேர் சொல்லுங்க!” தோட்டத்தில் பெரட்டுக்கு நின்று பழகிய பாட்டி தூக்கம் கலைந்து, “எங்க கங்காணி எவ்வளவோ தேவலை” என்பார்.

குழுவில் சாதாரண உறுப்பினர் எவருமில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகத் தகுதிப் புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. பதவிக்கும் அதில் புள்ளி உண்டு. ஆகவே செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர். பொருளாளர் வசமுள்ள பொருள், அரைப் பொட்டலம் ரப்பர் பேண்ட்.

ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டிதான் தலைமைக்கு உண்மையான சோதனை. அணியில் 10 பேர் வரை இருக்கலாம். ஆனால் ஆட்டம் நடக்கும் இரண்டரை நிமிடமும் மேசையருகே ஒரு நேரத்தில் பக்கத்துக்கு இருவராக நால்வர்தான் நிற்கலாம். மீதி ஆறு பேரின் அம்மாக்களுக்கும் கேப்டன்தான் பதில் சொல்ல வேண்டும். ஆசிரியரோ ஒதுங்கி நின்று கையைப் பிசையலாம், அவ்வளவே. வழிதவறிய ரோபோவை ஆட்டக் களத்தில் கையால் பிடித்தால், தொடக்கத்தில் தந்த 6 டோக்கன்களில் ஒன்று போகும். “தொடாதடா!” என்ற அலறல் மண்டபம் முழுக்கக் கேட்கும்.

பயிற்சியில் ஒருநாள், முந்தின நாள் சரியாகத் திரும்பிய ரோபோ பாதியில் நின்றுவிடும். சக்கரம் சரியில்லை என்பாள் நிரல் எழுதியவள். நிரல் சரியில்லை என்பான் சக்கரம் மாட்டியவன். கேப்டன் அக்கா கூட்டம் போடுவார், குறிப்பும் எழுதுவார். மூன்றாவது கூட்டத்தில் உண்மை வெளிவரும். மோட்டாரைச் சுற்றுக் கணக்கில் ஓட்டாமல் விநாடிக் கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். பேட்டரி இறங்கியதால் திருப்பமும் குறைந்துவிட்டது. பேட்டரி ஏன் இறங்கியது? சார்ஜரைக் கழற்றும் பொறுப்பாளர் தன் கடமையைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்.

ரோபோ ஓடுவதற்கு மட்டும் மதிப்பெண் இல்லை. கால்வாசி, அணியின் ஒற்றுமை போன்ற அடிப்படைப் பண்புகளுக்கு. எனவே ஒரு வாரமாகப் பேசாத இருவரும் நடுவர் முன்னால் தோள் உரச நிற்பார்கள்.

“கருத்து வேறுபாடு வந்தா என்ன செய்வீங்க?”

“பேசித் தீர்த்துக்குவோம் சார்!” என்று பத்துப் பேரும் ஒரே குரலில். சார்ஜர் பொறுப்பாளர் மட்டும் நிறுத்தாமல், “மூணாவது மீட்டிங்லதான் அழுகை நின்னுச்சு சார்” என்பார்.

நடுவர் ஏதோ குறித்துக்கொள்வார். கேப்டன் அக்கா எட்டிப் பார்ப்பார். தலைகீழாகப் படிக்கவும் அவருக்கு வரும்.