வாசகர் நாவலைச் சுவரில் எறிய ஏழு விதிகள்

அமெரிக்க இளையோர் காதல் நாவல் ஒன்று எழுத உட்கார்ந்துவிட்டீர்கள். பள்ளி இறுதி வகுப்பில் ஒரு பெண், ஒரு பையன், வசதிப்பட்டால் அவனுக்கு ஒரு தம்பி. முந்நூறு பக்கம் முடிவதற்குள் நாயகியையோ நாயகனையோ இழுத்து ஓர் அறை விட வாசகரின் கை பரபரக்க வேண்டும். கெட்ட குணங்களை அள்ளிப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். தன்னைத் தவிர யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காத ஒரு நாயகியைப் படைக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் ஜேன் ஆஸ்டின் 1815இல் ‘எம்மா’வை வெளியிட்டார். இருநூறு வருடங்களாக அவளை எல்லோருக்கும் பிடித்துத் தொலைக்கிறது. அம்மையார் எங்கே கோட்டைவிட்டார் என்பதைக் கடைசி விதியில் பார்ப்போம்.

1. புலம்பலில் தொடங்குங்கள். ஸ்டெஃபனி பெர்கின்ஸின் ‘அன்னா அண்ட் த ஃப்ரெஞ்ச் கிஸ்’ (2010) நல்ல பாடம். அட்லாண்டா பெண்ணை அப்பா ஒரு வருடம் பாரிஸில் படிக்க அனுப்புகிறார், அவள் அழுகிறாள். பிரமாதமான தொடக்கம். ஆனால், அவளுக்கு பிரெஞ்சு தெரியாது, பள்ளி உணவகத்தில் சாப்பாடு கேட்கக்கூடப் பயம் என்று எழுதிப் பெர்கின்ஸ் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார். நீங்கள் பயத்தை நீக்கிவிட்டுப் புலம்பலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. உயிர்த்தோழிக்கு ஒரே ஒரு வசனம்: “அப்புறம் அவன் என்ன சொன்னான்?” அவளுக்குப் பிறந்தநாள் வரலாம், அவள் பெற்றோர் விவாகரத்து செய்துகொள்ளலாம். அந்தச் செய்தியோடு அவள் ஃபோன் செய்யும் நேரமும் முத்தம் நடக்கும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும். நாயகி ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். தோழியும் மறுநாள் சிரித்த முகத்தோடு வந்து அதே வசனத்தைச் சொல்வாள்.

3. நாயகனுக்கு ஏற்கெனவே காதலி இருக்கட்டும். அன்னா மயங்கும் எத்தியென், எல்லி என்ற காதலியை முக்கால்வாசி நாவலுக்கும் கைவிடாமல் வைத்துக்கொண்டே அன்னாவோடு பாரிஸ் சுற்றுகிறான். அவனுக்குத் தனிமை பயம், அம்மாவுக்குப் புற்றுநோய் என்று ஆசிரியர் காரணம் காட்டுகிறார். காரணம் காட்டினால் நாலு பேர் மன்னித்துவிடுவார்கள். உங்கள் நாயகனுக்குக் காரணமே வேண்டாம், அழகான தலைமுடி போதும். பழைய காதலியை எப்போதாவது மேடையேற்றினால் சிடுமூஞ்சியாகவே ஏற்றுங்கள். துரோகம் அப்போதுதான் விடுதலை மாதிரித் தெரியும்.

4. இழவு வீட்டிலும் தன் காதலே பெரிதாக இருக்க வேண்டும். ஜென்னி ஹானின் ‘த சம்மர் ஐ டர்ன்ட் ப்ரிட்டி’ வரிசையின் இரண்டாம் நாவலில் (2010), அம்மாவைப் பறிகொடுத்து நிற்கும் கான்ராடிடம் இறுதிச்சடங்கு நாளன்றே நாயகி பெல்லி சண்டை போடுகிறாள், அவன் பக்கத்தில் இன்னொரு பெண் இருந்துவிட்டாள் என்பதற்காக. இதற்கு மேல் கற்றுக்கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஒரே குறை, பெல்லி பிறகு அதை நினைத்துக் கூசிப்போகிறாள். அந்தக் கூச்சத்தை மட்டும் அடித்துவிடுங்கள்.

5. பெண்ணுக்கு வாய்த்துடுக்கு கொடுங்கள். கோடி கெப்லிங்கர் பதினேழு வயதில் எழுதிய ‘த டஃப்’ (2010) நாவலில், தோழிகள் கூட்டத்திலேயே அழகு குறைந்தவள் நீதான் என்று வெஸ்லி முகத்துக்கு நேரே சொல்கிறான். நாயகி பியாங்கா அவன் முகத்தில் செர்ரி கோக்கை ஊற்றுகிறாள். பையன் சிடுசிடுத்தால் ‘உள்ளே ஏதோ காயம்’ என்பார்கள். பெண் சிடுசிடுத்தால் ‘திமிர்’. கோடை முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத கான்ராடுக்காக உருகுகிறவர்களே பியாங்காவின் நாக்கைக் குறை சொல்வார்கள். ஆகவே இந்த விதிக்கு நீங்கள் பெரிதாக உழைக்க வேண்டியதில்லை. பாதி வேலையை வாசகரே பார்த்துக்கொள்வார்.

6. மன்னிப்பை மேடையில் கேட்கவையுங்கள். நடன விருந்து, மைக், கைதட்டல். காயப்பட்டவர் கூட்டத்தில் கண்கலங்கி நிற்கலாமே தவிர வாயைத் திறக்கக் கூடாது. நாயகிக்கும் நிஜ வருத்தம் கூடாது. ‘இஃப் ஐயாம் பீயிங் ஆனஸ்ட்’ (2019) நாவலின் கேமரன் ஒரு பையனுக்குப் பட்டப்பெயர் வைத்து அவன் பள்ளி வாழ்க்கையையே நாசமாக்கியவள். இன்னொருவனைக் கவர்வதற்காகவே, தான் செய்த தப்புகளைச் சரிசெய்யக் கிளம்புகிறாள். அதுவரை சரியான பாதை. அப்புறம் நிஜமாகவே வருந்தத் தொடங்கிவிடுகிறாள். வாசகருக்கும் மனசு இளகிவிடுகிறது. போச்சு!

7. இதுதான் தலையாய விதி: நாயகி செய்வது தப்பு என்று நாவலுக்குள் ஒருவருக்கும் தெரியக் கூடாது. பாக்ஸ் ஹில் உல்லாசப் பயணத்தில், வசதியில்லாத மிஸ் பேட்ஸை எல்லோர் முன்னாலும் எம்மா கேலி செய்கிறாள். அதோடு விட்டிருந்தால் ஆஸ்டின் ஜெயித்திருப்பார். ஆனால், குடும்ப நண்பர் நைட்லியை அனுப்பி முகத்துக்கு நேரே கண்டிக்க வைக்கிறார். எம்மா வண்டியில் அழுதுகொண்டே போகிறாள். மறுநாள் காலையில் மிஸ் பேட்ஸ் வீட்டு வாசலில் நிற்கிறாள். அவளை இனி எப்படி வெறுப்பது? ஜான் கிரீனும் ‘பேப்பர் டவுன்ஸி’ல் (2008) இதே தப்பைச் செய்கிறார். காணாமல்போன மார்கோவைத் தேடும் வெறியில் நண்பன் மேல் எரிச்சல்படுகிற நாயகன் க்வென்டினை, ரேடார் என்ற இன்னொரு நண்பன் நாலு வார்த்தை கேட்டுவிடுகிறான். உங்கள் கதையில் நைட்லியோ ரேடாரோ தென்பட்டால் முதல் அத்தியாயத்திலேயே வெளியூர் அனுப்பிவிடுங்கள். நாயகியைக் கண்டிக்க ஓர் ஆள் இருந்தால், அவளுடைய குணம் உங்களுக்கும் தெரியும் என்று வாசகர் கண்டுபிடித்துவிடுவார். அதன்பின் அவள் என்ன செய்தாலும் கூடவே வருவார்.

எழுதி முடித்ததும் பதினாறு வயதுப் பெண் ஒருத்தியிடம் படிக்கக் கொடுங்கள். “சே, என்ன பொண்ணு இவ! சரி, அடுத்து என்ன பண்ணினா?” என்று கேட்டால் தோற்றுவிட்டீர்கள், ஏழாம் விதியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். “நீங்க இவளை நல்லவன்னே நினைச்சுட்டீங்களா?” என்று கேட்டால் அச்சுக்கு அனுப்பிவிடலாம்.